அண்ணே, அது மீன் வேலை இல்லை

மார்ச் 31 முடிஞ்சு, ஆடிட்டும் முடிஞ்சு, இப்பதான் மூச்சு விட முடியுது. பேங்க்காரனுக்கு வருஷப் பிறப்பு சித்திரை ஒண்ணாம் தேதி இல்லை, ஏப்ரல் ரெண்டாம் தேதிதான். அதனால்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. மன்னிக்கவும்.

ஆடிட் நடந்துகிட்டு இருக்கும்போதே ஊரிலிருந்து அண்ணன் போன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்க ஊர். அண்ணனுக்குத் தென்னந்தோப்பும் ஒரு உரக்கடையும் இருக்கு. அவரோட பொண்ணு ரெண்டு வருஷமா கொல்கத்தாவில் எங்க வீட்டில் தங்கி எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறா. கடைசி செமஸ்டர்.

"டேய், உன் வீட்ல இருந்து படிச்ச பொண்ணு. நீதான் சொல்லணும். ஐ.டி. கம்பெனி லெட்டர் கையில இருக்கு. இவ கோவாவுல கடல் ஆராய்ச்சிக்குப் போறேங்கறா. கடல்ல என்னடா ஆராய்ச்சி? மீனா?"

"இல்லண்ணே... விசாரிச்சுச் சொல்றேன்."

"விசாரிக்கறதுக்கு என்ன இருக்கு? நீ பேங்க்காரன். நீ சொன்னா கேப்பா."

உண்மையைச் சொல்லிடறேன். முதல் நாள் நானும் அண்ணன் கட்சிதான். வெளியூரில் பிழைக்க வந்த குடும்பங்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் தெரியும். சொந்த ஊரில் இருந்தா நாலு பேர் தாங்குவாங்க, வெளியூரில் மாசா மாசம் விழுற சம்பளம்தான் தாங்கும். அதனால நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு நாம சொல்லித் தர்ற மந்திரம் ரெண்டே ரெண்டு: ஒண்ணு பேங்க், இன்னொண்ணு ஐ.டி. (மூணாவதா அமெரிக்கா. அது ஐ.டி.க்குள்ளயே அடக்கம்.) நான் பி.காம். முடிச்ச வருஷம் எங்க அப்பா இதையேதான் சொன்னார், நானும் கேட்டேன்.

சரி, சொல்றதுக்கு முன்னாடி கணக்குப் போடுவோம்னு ஒரு வெள்ளைத்தாளை ரெண்டா மடிச்சேன். இடது பக்கம் ஐ.டி., வலது பக்கம் கடல்.

ஐ.டி. லெட்டரில் வருஷத்துக்கு மூணரை லட்சம் சொச்சம். புதுசா சேர்றவங்களுக்குப் பெரிய கம்பெனிகள் தர்ற தொகை பல வருஷமா இதுக்குப் பக்கத்திலேயே நிக்குது. கடல் லெட்டரில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. 2023 ஜனவரி 1 முதல் உயர்த்தின கணக்குப்படி மாசம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. பன்னிரண்டால் பெருக்கினா 4,44,000.

ரெண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். தப்பு இல்லை. அண்ணன் "உருப்படாத வேலை"ன்னு சொன்னது, "உருப்படற வேலை"யை விட முதல் மாசத்தில் அதிகம் தருது!

ரெண்டு வருஷம் கழிச்சு அது 42,000 ஆகும். அஞ்சு வருஷத்தைக் கூட்டினா, 8,88,000 முதல் ரெண்டு வருஷத்துக்கு, 15,12,000 அடுத்த மூணு வருஷத்துக்கு. மொத்தம் 24 லட்சம், வாடகைப்படி சேர்க்காமல். கூடவே ஒரு டாக்டர் பட்டம்.

இதை அண்ணன்கிட்ட சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அஞ்சு வருஷம் கழிச்சு?"ன்னார். உரக்கடைக்காரர் இல்லையா, கடனும் சீசனும் தெரிஞ்சவர். சரியான இடத்தில் கை வச்சார்.

அங்கேதான் விஷயமே இருக்கு. இந்தத் துறையில் ஆரம்பத்தில் பிரச்சினை இல்லை, நடுவில்தான். அதை ஒரு பேங்க்காரன் பார்வையில் சொல்றேன். ஏன்னா வேலைக்கான விளம்பரத்தைப் படிக்கிற கண்ணும், கடன் விண்ணப்பத்தைப் படிக்கிற கண்ணும் வேற வேற.

மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களில் இந்தத் துறைக்கு ரெண்டு வகை ஆள் எடுக்கிறாங்க. நிரந்தர விஞ்ஞானி ஒரு வகை. 'சயின்டிஸ்ட் பி' தரத்தில் சேர்ந்தா ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் அடிப்படைச் சம்பளம் 56,100. இன்னொரு வகை திட்ட விஞ்ஞானி. 2020ல் வந்த அறிவியல் தொழில்நுட்பத் துறை விதிப்படி முதல் படிக்கு 56,000. அடுத்த படிகளுக்கு 67,000, 78,000.

56,100க்கும் 56,000க்கும் நூறு ரூபாய்தானே வித்தியாசம்னு நினைச்சா போச்சு. முதலாவது மேலே பஞ்சப்படி ஏறும் (2024 ஜனவரியிலேயே அது 50 சதவீதத்தைத் தொட்டாச்சு), வருஷா வருஷம் இன்க்ரிமென்ட் ஏறும், ஓய்வூதியப் பிடித்தம் உண்டு, கிராஜுவிட்டி உண்டு. ரெண்டாவது தொகுப்பூதியம். திட்டம் இருக்கிற வரை வேலை. அதுவும் பல இடங்களில் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே புயலைப் பார்ப்பாங்க. என் கவுன்டருக்கு வந்தா மட்டும் ஒருத்தர் 'ஏ', இன்னொருத்தர் 'டி'.

இது நான் கேள்விப்பட்டது இல்லை, நானே செஞ்சது. 2021ல் ஒருத்தர் வீட்டுக்கடனுக்கு வந்தார். வயசு 37, டாக்டர் பட்டம், ஆறு வருஷமா ஒரே இடத்தில் ஒப்பந்த வேலை. சோனார்பூர் பக்கம் சின்ன ஃபிளாட். சிபில் ஸ்கோர் பளிச்சுன்னு இருக்கு, ஒரு தவணை தவறினதில்லை. ஆனா எங்க கம்ப்யூட்டரில் "பணி நிரந்தரமா?"ன்னு ஒரு கட்டம் வரும். அதில் 'இல்லை'ன்னு போட்டதும் மதிப்பெண் சரிஞ்சுது. மேலிடத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பிப் பார்த்தேன், திரும்பி வந்திடுச்சு. ஃபைலைக் கையில் கொடுத்தபோது அந்த மனுஷர் கோபப்படலை. "ஆம்பான் வந்தப்போ தண்ணி எவ்வளவு உயரம் ஏறும்னு கணக்குப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன் ஸார்"ன்னு மட்டும் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் குடும்பத்தோட வெளிநாடு போயிட்டார்னு கேள்வி.

ஆம்பான்னா என்னன்னு கொல்கத்தாக்காரனுக்கு விளக்க வேண்டாம். 2020 மே 20. ஊரடங்கு வேற. சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை ஜன்னலைப் பிடிச்சுகிட்டு நின்னோம். டம் டம்மில் காற்று மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டினதாப் பதிவாச்சு. மறுநாள் தெருவில் இறங்கினா மரம் இல்லாத தெரு இல்லை, எல்லாம் படுத்துக் கிடக்கு. காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகங்கள் தண்ணியில் மிதந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. எங்க குடியிருப்பில் நாலு நாள் கரண்ட் இல்லை. ஆனா புயல் வருதுங்கறது பல நாள் முன்னாடியே தெரியும், லட்சக்கணக்கான ஜனங்களைக் கரையோரத்திலிருந்து நகர்த்தியாச்சு. அப்படி நகர்த்தச் சொன்ன கணக்கைப் போட்டவருக்குத்தான் நான் ஃபிளாட் வாங்கக் கடன் கொடுக்கலை.

இன்னொரு சங்கதி. எங்க கிளையில் சம்பளக் கணக்கு வச்சிருந்த ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு அஞ்சு மாசம் உதவித்தொகை வரவே இல்லை. ஆறாவது மாசம் மொத்தமா விழுந்துச்சு. நடுவில் கிரெடிட் கார்டில் வாங்கித் தின்ன கடனுக்கு வட்டியை யார் கொடுப்பா? எந்த நிறுவனம்னு சொல்ல மாட்டேன். இந்த உத்தியோகத்தில் இருந்துகிட்டு வாடிக்கையாளர் கணக்கைப் பத்தி இவ்வளவு பேசினதே அதிகம்.

ஆகவே அண்ணன் கேட்ட "அஞ்சு வருஷம் கழிச்சு?" சின்னக் கேள்வி இல்லை.

பின்னே ஏன் நான் கட்சி மாறினேன்?

காரணம் பொண்ணுதான். ஒருநாள் சமையலறையில் ரசம் இறக்கி வச்சிருந்தது. "சித்தப்பா, இங்க பாருங்க. தெளிவு மேல, மண்டி கீழ. வங்காள விரிகுடாவும் இப்படித்தான்"ன்னு ஆரம்பிச்சா. கங்கை, பிரம்மபுத்திரா ரெண்டும் கொண்டுவந்து கொட்டற நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலே ஒரு படலமா நின்னுடுதாம். எடை குறைவு, அதனால கீழே இறங்காது, லேசில் கலக்காது. வெயில் அடிச்சா அந்த மேல் படலம் மட்டும் சீக்கிரம் சூடேறும். கடலின் மேற்பரப்பு 26, 27 டிகிரியைத் தாண்டினா புயலுக்குத் தீனி ரெடி. வடக்கே போகப் போகக் கடல் புனல் மாதிரி குறுகி, ஆழமும் குறையறதால, புயல் தள்ளிக்கிட்டு வர்ற தண்ணிக்குப் போக இடமில்லாம மேலே எழும்பும். உலகத்திலேயே அதிக உயிரைக் குடிச்ச புயல்கள் இந்த மூலையில் வர்றது அதனாலதான். 1970ல் கிழக்கு பாகிஸ்தானா இருந்த வங்கதேசத்தில் போலா புயலில் மட்டும் மூணு லட்சம் பேருக்கு மேல் போனாங்க.

பாபுகாட்டில் நாம தலையில் தெளிச்சுக்கிற கங்கைத் தண்ணி இந்த வேலையெல்லாம் பார்க்குதுன்னு எனக்கு இத்தனை வயசுக்கு அப்புறம்தான் தெரியுது.

"இதை எப்படி அளக்கறாங்க?"ன்னு கேட்டேன். ஆர்கோ மிதவைன்னு உலகம் முழுக்கக் கடலில் ஆயிரக்கணக்கில் விட்டிருக்காங்களாம். ஆள் உயரக் குழாய். 2,000 மீட்டர் ஆழம் வரை போய், பத்து நாளைக்கு ஒரு தடவை மேலே வந்து, வழியில் அளந்த வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோளுக்குச் சொல்லிட்டு மறுபடி முங்கிடும். நம்ம நாட்டில் இதைப் பார்த்துக்கறது ஹைதராபாத்தில் 1999ல் ஆரம்பிச்ச இன்காய்ஸ் நிறுவனம். நாகப்பட்டினத்து மீனவருக்கு எந்தப் பக்கம் மீன் கிடைக்கும்னு சொல்றதும் இவங்கதான். (அண்ணே, மீனும் கொஞ்சம் உண்டு.) 2004 டிசம்பர் 26க்கு அப்புறம், 2007ல் சுனாமி எச்சரிக்கை மையமும் அங்கேயே வந்துச்சு. கடலில் மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்தறது நம்ம சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். பருவமழைக் கணக்குக்குப் புனே. அன்டார்டிகாவுக்கும் கடலாய்வுக்கும் கோவா.

இதில் பாதிப் பேர் கடலைப் பார்க்கறதே இல்லையாம். நாற்காலி, கம்ப்யூட்டர், பைத்தான், ஃபோர்ட்ரான். அதாவது ஐ.டி. கம்பெனியில் செய்யற அதே தட்டச்சு வேலை. அங்கே எவனோ ஒருத்தன் இன்சூரன்ஸ் படிவத்துக்குத் தட்டறது, இங்கே புயலுக்குத் தட்டறது. இதைக் கேட்டதும் என் தாளில் இன்னொரு வரி சேர்ந்துச்சு: நாளைக்கு இந்த வேலை போனா, கையில் கணக்கும் புரோகிராமும் இருக்கு, ஐ.டி.க்கு எப்ப வேணாலும் திரும்பலாம். ஐ.டி.யிலிருந்து இங்கே திரும்பறது கஷ்டம்.

என் சொந்த அனுபவம் ஒண்ணும் உண்டு. 2009ல் நான் கேனிங் பக்கம் ஒரு கிளையில் கடன் அதிகாரி. மே 25 ஆய்லா புயல். கோசாபா, பாசந்தி பக்கமெல்லாம் மண்கரை உடைஞ்சு உப்புத்தண்ணி வயலுக்குள்ளே வந்திடுச்சு. தண்ணி வடிஞ்சுது, உப்பு வடியலை. அடுத்த சில வருஷம் நெல் சரியா வரலை. நான் கையெழுத்துப் போட்ட பயிர்க்கடன் ஒவ்வொண்ணா வாராக்கடன் ஆச்சு. வசூலுக்குப் போனா வீட்டில் கிழவிங்க மட்டும். "பையன் எங்கே?"ன்னா "மாட்ராஸ்", "கேரளா"ம்பாங்க. நான் பிழைக்க இங்கே வந்தேன், அவங்க பிழைக்க எங்க ஊருக்குப் போயிட்டாங்க. அன்னிக்கு என் பதிவேட்டில் இருந்த கடன் அத்தனையும் கடலைப் பத்தின கடன்தான், ஆனா எனக்குக் கடலைப் பத்தி ஒரு எழுத்து தெரியாது.

அதே கேனிங்கைப் பத்திப் பொண்ணு ஒரு கதை சொன்னா. நான் மூணு வருஷம் குப்பை கொட்டின ஊர், கதை எனக்குத் தெரியாது! ஹென்றி பிடிங்டன்னு ஒரு வெள்ளைக்காரர், கப்பல் கேப்டனா இருந்து கல்கத்தாவில் தங்கிட்டவர், கடல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவர். 'சைக்ளோன்'ங்கற வார்த்தையையே உண்டாக்கினவர் அவர்தான், 1840களில், இந்த ஊரில் உட்கார்ந்து. மாத்லா நதியில் கேனிங் துறைமுகம் கட்டப் போறாங்கன்னதும், வேண்டாம், ஒருநாள் புயல் வந்து தண்ணி ஏறி அடிச்சிட்டுப் போகும்னு 1853ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கே கடிதம் எழுதினார். கேட்கலை. கட்டினாங்க. பிடிங்டன் 1858ல் செத்துப் போனார். 1867ல் புயல் வந்துச்சு. துறைமுகம் போச்சு.

நடுவில் 1864 அக்டோபர் 5ஆம் தேதி புயலில் கல்கத்தாவிலும் சுத்துவட்டாரத்திலும் அறுபதாயிரம் பேர் வரை செத்தாங்க. அதுக்கப்புறம் மழை பொய்ச்சுப் பஞ்சம். இதெல்லாம் ஆன பிறகுதான் 1875ல் வானிலைத் துறை. முதல் அலுவலகம் நம்ம கல்கத்தாவிலேயே. இன்னிக்கும் அலிப்பூரில் இருக்கிற ஆபீஸை வங்காளிங்க செல்லமா 'ஹாவா ஆபிஸ்'ங்கறாங்க. அந்தப் பக்கம் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கேன்.

இன்னொரு ஆளைச் சொல்லாம விட முடியாது. அவர் நம்மாளு, அதிலும் என் ஜாதி... அதாவது கணக்கெழுதற ஜாதி :-) 1907ல் நிதித்துறை அதிகாரியா கல்கத்தா வந்தார். பதினெட்டு வயசு. கை நிறைய சம்பளம், அரசாங்க உத்தியோகம். பகலெல்லாம் கணக்கு, மிச்ச நேரமெல்லாம் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. 1917ல் அந்த வேலையை விட்டுட்டு, அதைவிடக் குறைஞ்ச சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1921ல் இங்கிலாந்து போயிட்டு நார்குண்டா கப்பலில் திரும்பும்போது, கடல் ஏன் நீலமா இருக்குன்னு கப்பல் தளத்திலேயே பட்டகத்தை வச்சுப் பார்த்தார். வானத்தின் நிறம் தண்ணியில் தெரியறதுன்னுதான் அதுவரை பெரியவங்க சொல்லிட்டிருந்தாங்க. இல்லை, தண்ணியே ஒளியைச் சிதறடிக்குதுன்னு இவர் சொன்னார். அந்த நூல் பிடிச்சுப் போனதுதான் 1928 பிப்ரவரி 28 வரைக்கும், அப்புறம் நோபல் பரிசு வரைக்கும் போச்சு. சி.வி. ராமன்னு தனியாச் சொல்லணுமா? அவர்கிட்ட இருந்த பாலக்காட்டு கல்பாத்தி கே.ஆர். ராமநாதன் அப்புறம் வானிலைத் துறைக்குப் போய், பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

ராமன் கதையை அண்ணனுக்குச் சொன்னேன். "அவர் ராமன்டா. எம் பொண்ணு என் பொண்ணு"ன்னார். நியாயம்தான். அதனால ராமனை வச்சு நான் வாதாடலை. எல்லாரும் ராமனா இருந்தாத்தான் இந்த வேலைக்குப் போகணும்னா புயலை யாரு பார்க்கிறது? ரொம்ப சாதாரணமான, கணக்கு ஒழுங்கா வர்ற, பொறுமையான ஆளுங்க ஆயிரக்கணக்கில் வேணும்.

அந்த ஆளுங்களை எப்படி வச்சிருக்கோம்ங்கறதுதான் என் கோபம். 2021ல் ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி. 2024ல் 'மிஷன் மௌசம்' 2,000 கோடி. அதே வருஷம் செப்டம்பரில் புனேயிலும் நொய்டாவிலும் அர்கா, அருணிகான்னு 850 கோடிக்கு சூப்பர் கம்ப்யூட்டர். எல்லாம் வேண்டியதுதான், ஒண்ணும் வீண் செலவில்லை. 1999 ஒடிசா புயலில் சுமார் பத்தாயிரம் பேர் செத்தாங்க, 2013ல் பைலின் அதே கரைக்கு வந்தப்போ சாவு சில பத்துகளில் நின்னுச்சு. காசு போட்டதுக்குப் பலன் கண்ணுக்குத் தெரியுது. ஆனா 850 கோடி மெஷினுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் பல வருஷத்துக்குப் போடறோம், அதில் மாதிரி ஓட்டற பையனுக்கு ஒரு வருஷம் போடறோம். மெஷின் கோவிச்சுகிட்டு ஹாலந்துக்குப் போகாது. ஆள் போவான்.

"அமெரிக்கா போகலாமே"ன்னு தங்கமணி கேட்டாங்க. 2025 பிப்ரவரியில் அங்கே கடலையும் வானிலையையும் பார்க்கிற நோவாவில் ஒரே வீச்சில் நூத்துக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆகவே அங்கேயும் கல்லில் எழுதின வேலை இல்லை. ஜெர்மனி, இங்கிலாந்தெல்லாம் உண்டு, டாக்டர் பட்டம் வந்த பிறகு பார்த்துக்கலாம்.

அண்ணி பயம் வேற. "பொட்டப்புள்ளைய கப்பல்ல எப்படித் தனியா அனுப்பறது?" இதுக்கு என் கிட்ட பதில் இல்லை, தங்கமணிகிட்ட இருந்துச்சு. 1983-84லேயே அன்டார்டிகா பயணத்தில் ரெண்டு பெண்கள் போனாங்க: கடலியல் விஞ்ஞானி அதிதி பந்த், இந்த ஊர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் நிலவியல் விஞ்ஞானி சுதீப்தா சென்குப்தா. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பனிக்கட்டிக்கே போயிருக்காங்க அக்கா, இது கோவாதானேன்னு சொன்னாங்க. அண்ணி "நீங்க சொன்னா சரி"ன்னுட்டாங்க. என் ரெண்டு பக்கக் கணக்கைவிட அது வேலை செஞ்சுது.

எதிர் வீட்டு பௌதிக்கு (அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடணும்) விஷயம் தெரிஞ்சதும் ஒரு டப்பா சந்தேஷோட வந்துட்டாங்க. "ரிசர்ச்சா! என்ன பெருமை!" சம்பளம் எவ்வளவுன்னு கேட்கவே இல்லை. நம்ம சங்கத்துக் கூட்டத்தில் சொன்னா முதல் கேள்வியே சம்பளம், ரெண்டாவது கேள்வி கல்யாணம். வங்காளிங்க செய்யறது எல்லாம் சரின்னு சொல்ல வரலை, அவங்க பிள்ளைங்களும் இப்ப பெங்களூருக்குத்தான் ஓடறாங்க. ஆனா படிப்புன்னா வீடே நிமிர்ந்து உட்கார்றது இன்னும் இங்கே மிச்சம் இருக்கு.

கடைசியா பொண்ணுகிட்ட நான் சொன்னதை எழுதிடறேன், உங்க வீட்டிலும் பி.எஸ்ஸி. இயற்பியலோ கணக்கோ படிக்கிற பிள்ளை இருந்தா உதவும். இவளுக்கு 'கேட்' தேர்வு வச்சுத் திட்டத்தில் இடம் கிடைச்சிருக்கு. அந்தப் பணம் திட்டத்தோட பணம், திட்டம் முடிஞ்சா முடிஞ்சுது. அதனால முதல் வருஷத்திலேயே 'நெட்' எழுதிடு. புவி, வளிமண்டல, கடல் அறிவியலுக்குன்னு தனித் தாளே உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். வாங்கிட்டா உதவித்தொகை உன் பேரில் இருக்கும், வழிகாட்டிப் பேராசிரியரின் திட்டம் மூடினாலும் அது மூடாது. அப்புறம், வேலை விளம்பரத்தை நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலும் எம்ப்ளாய்மென்ட் நியூஸிலும் பார்த்துக்க. இடம் வாங்கித் தர்றேன்னு எவனாவது பணம் கேட்டா என்கிட்ட சொல்லு, அந்த மாதிரி கணக்குகளை முடக்கறதும் என் வேலையில் ஒரு பகுதிதான். மூணாவது, ஆறு மாசச் செலவு கையில் இல்லாம இந்த வேலைக்குப் போகக் கூடாது. ஒன்றரை லட்சத்துக்கு அவ பேரில் ஒரு வைப்புநிதி போட்டுக் கொடுத்திருக்கேன். உதவித்தொகை தாமதமானா அதில் கை வைக்கலாம், வந்ததும் திரும்பப் போட்டுடணும். வட்டி கேட்க மாட்டேன்.

வேற வழியும் திறந்துகிட்டு வருது. ரிசர்வ் வங்கி 2021ல் பசுமை நிதிக்கான சர்வதேசக் கூட்டமைப்பில் சேர்ந்துச்சு. 2024 பிப்ரவரியில், பருவநிலையால் வர்ற நஷ்ட ஆபத்தை வங்கிகள் கணக்கில் காட்டணும்னு ஒரு வரைவு விட்டாங்க. அந்தக் கணக்கை யாரு போடுவா? என்னை மாதிரி பி.காம். ஆளா? கேனிங்கில் நான் போட்ட லட்சணம்தான் தெரியுமே. பயிர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இந்த ஆள் வேணும். ஆக ஆராய்ச்சி நிறுவனத்தில் நாற்காலி கிடைக்கலைன்னாலும் தெருவில் நிக்க மாட்டா.

நம்ம பிள்ளைங்க எல்லாரும் கடலுக்குப் போகணும்னு நான் சொல்லலை. இஷ்டமில்லாதவனைத் தள்ளிவிட்டா அஞ்சு வருஷம் நரகம். ஆனா இஷ்டமா இருக்கற பிள்ளையை "நிரந்தரம் இல்லை"ங்கற ஒரு வார்த்தையை வச்சுத் தடுக்காதீங்க. அந்த நிரந்தரத்தைக் கேட்க வேண்டிய இடம் பிள்ளை இல்லை, டெல்லி.

நேத்து ராத்திரி அண்ணன் மறுபடி கூப்பிட்டார். ரொம்ப நேரம் தோப்பைப் பத்தியே பேசினார். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி உள்ளே வந்து, எங்க பக்கத்துத் தென்னையை எல்லாம் வரிசையாப் படுக்க வச்சுது. அப்பா வச்ச மரங்களும் அதில் போச்சு. பொண்ணு அப்போ பத்தாம் கிளாஸ். கரண்ட் இல்லாம மெழுகுவத்தியில் படிச்சுப் பரீட்சை எழுதினா. அதனாலதான் இந்தப் படிப்புன்னு அவ ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. புதுசா வச்ச கன்னு இப்பதான் பாளை விட்டிருக்காம்.

"சரி, எப்ப சேரணுமாம்?"ன்னார் கடைசியா.

"ஆகஸ்ட் ஒண்ணாம் தேதிக்குள்ளண்ணே."

"ஆடியா வருதேடா. உங்க அண்ணி விடமாட்டா."

"ஆனியிலேயே கிளம்பிடலாம். ஜூலை ரெண்டாவது வாரம், வாஸ்கோ போற அமராவதி எக்ஸ்பிரஸ்."

"அப்ப ரெண்டு டிக்கெட்டாப் போடு. நானும் கொல்கத்தா வந்து அவகூடப் போறேன். அந்தக் கப்பல் எப்படித்தான் இருக்குன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

அறுபது நாள் முன்னாடிதான் ரயில்வேயில் திறப்பாங்க. மே மாசம் ஒருநாள் காலையில் எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரணும். காலண்டரில் குறிச்சு வச்சிருக்கேன்.